எக்ஸ் எக்ஸ் எக்ஸ், ஒய் ஒய் ஒய்

பள்ளிக்கூடத்தில் நான் ஆங்கிலத்தில் எழுதிய கடிதங்கள் இருநூறாவது தேறும். ஒன்றில்கூட என் பெயர் கிடையாது. அனுப்புநர்: எக்ஸ் எக்ஸ் எக்ஸ். முகவரி: ஒய் ஒய் ஒய். பொதுத்தேர்வு விடைத்தாளில் சொந்தப் பெயரையும் ஊரையும் எழுதினால் அது யாருடைய தாள் என்று திருத்துகிறவருக்குத் தெரிந்துவிடும். அதற்காகச் செய்த ஏற்பாடு. காரணம் நியாயமானதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பொதுத்தேர்வுக்கு இன்னும் நாலைந்து வருடம் இருக்கும்போதே எங்களை அதற்குப் பழக்கிவிட்டார்கள். ஆங்கிலத்தில் பேனாவைத் திறந்தால் நான் எக்ஸ் எக்ஸ் எக்ஸ் ஆகிவிடுவேன்.

அந்தக் கடிதங்களின் விஷயம்தான் வேடிக்கை. எங்கள் தெருவில் கொசுத்தொல்லை, ஆவன செய்யவும் என்று நகராட்சி ஆணையருக்கு ஒன்று. காற்று மாசைப் பற்றிப் பத்திரிகை ஆசிரியருக்கு ஒன்று. குடிநீர்த் தட்டுப்பாட்டுக்கு ஒன்று. இவற்றையெல்லாம் கைடைப் பார்த்து நெட்டுருப் போட்டது எங்கே? திருவொற்றியூரில். மேலக்காற்று அடித்தால் மணலியிலிருந்து முட்டை அழுகிய நாற்றம் வரும். எண்ணூர் அனல் மின்நிலையத்துச் சாம்பல், கொடியில் காயும் பள்ளிச் சட்டைமேல் மாவு சலித்ததுபோல் படியும். தண்ணீர் லாரி வந்தால் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டுக் குடத்தோடு ஓட வேண்டும். ஓடிப் பிடித்து, கால் நனைந்து திரும்பி வந்து, விட்ட வரியிலிருந்து தண்ணீர்த் தட்டுப்பாட்டுக் கடிதத்தை மறுபடி மனப்பாடம் செய்வேன். இரண்டும் ஒரே தண்ணீர் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

1994-ல் நான் பிளஸ் டூ எழுதியபோது மொத்தம் 1200 மதிப்பெண். அதில் ஆங்கிலத்துக்கு 200, இரண்டு தாள். முதல் தாளில் உரைநடை, செய்யுள், மெமரி போயம். இரண்டாம் தாளில் நான்-டீட்டெயில், ஹின்ட்ஸ் டெவலப்பிங், கடிதம். ஹின்ட்ஸ் டெவலப்பிங் என்பது ஒரு தனிக் கலை. ராஜா, வேட்டை, வழி தவறுதல், குடிசை, கிழவி, கூழ் என்று சொற்களை வரிசையாகக் கொடுத்திருப்பார்கள். நடுவில் இருக்கும் கோடுகளை அழித்துவிட்டு இரண்டு வினைச்சொல்லையும் நாலு இடைச்சொல்லையும் போட்டால் கதை. தேரடிக்குப் பக்கத்தில் மொட்டை மாடியில் டியூஷன் எடுத்த சார், "ஏழு பாராகிராஃப் படி, ஒண்ணு நிச்சயம் விழும்" என்பார். விழுந்தது. ஆங்கிலத்தில் 158 வாங்கினேன். வடசென்னைக்கு அது நல்ல மார்க். அந்த மார்க்கில்தான் டிப்ளமோ, பிறகு வேலை, பிறகு துபாய், 2006-ல் கனடா.

ஸ்கார்பரோவில் என் மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். ஒன்டாரியோவில் மேல்நிலைப் பள்ளி முடிக்க 30 கிரெடிட் வேண்டும். அதில் ஆங்கிலம் மட்டும் நான்கு, வருடத்துக்கு ஒன்று. பல்கலைக்கழகம் போக நினைத்தால் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தை விட முடியாது. இது போக, விருப்பப்பட்டவர்கள் எடுக்க 'ரைட்டர்ஸ் க்ராஃப்ட்' என்று ஒரு பாடம் உண்டு. எழுத்துத் தொழில் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். கவிதை, சிறுகதை, நாடகம், கட்டுரை என்று பிள்ளைகள் தாங்களே எழுதுவது, எழுதியதைக் கிழித்து மறுபடி எழுதுவது, அதுதான் பாடம். அவள் அதை எடுக்கப்போகிறேன் என்றபோது, "அதுக்கு பதிலா ஒரு கெமிஸ்ட்ரி எடுக்கலாமே" என்று கேட்ட தகப்பன்களில் நானும் ஒருவன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், மனசில்லாமல்.

இங்கே எல்லாம் உசத்தி என்று எழுத நான் உட்காரவில்லை. வழக்கமான ஆங்கில வகுப்பில் அவள் எழுதும் கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். முதல் பத்தியில் வாதத்தைச் சொல்ல வேண்டும், அடுத்த மூன்று பத்தியில் மூன்று ஆதாரம், ஒவ்வொன்றுக்கும் மேற்கோள், மேற்கோளுக்கு விளக்கம், கடைசிப் பத்தியில் முதல் பத்தியையே வேறு வார்த்தையில். மேக்பெத்துக்கும் இதே சட்டை, நேற்று வந்த நாவலுக்கும் இதே சட்டை. நம் ஹின்ட்ஸ் டெவலப்பிங்தான், கோட்டு போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. எதிர்வீட்டுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து பதினாறு வயதில் வந்த பையன் இன்னும் பாவம். அவனை முதலில், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கான ஈஎஸ்எல் வகுப்பில் போட்டார்கள், ஏ-யிலிருந்து ஈ வரை ஐந்து படி. ஊரில் தமிழில் நல்ல கட்டுரை எழுதியவன், இங்கே இரண்டு வருடம் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

ஆனாலும் பதினோராம் வகுப்பில் மகள் கொண்டுவந்த ஒரு புத்தகம் என்னை உட்கார வைத்தது. டொராண்டோ கல்வி வாரியம் 2023-ல் ஒரு முடிவு எடுத்தது: பதினோராம் வகுப்புக் கட்டாய ஆங்கிலப் பாடத்தில் இந்நாட்டின் ஆதிக்குடி எழுத்தாளர்களையே படிப்பது. அவள் வகுப்பில் ரிச்சர்ட் வாகமீஸின் 'இந்தியன் ஹார்ஸ்'. 2012-ல் வந்த நாவல். ஓஜிப்வே இனத்துச் சிறுவனை உறைவிடப் பள்ளியில் கொண்டுபோய் அடைக்கிறார்கள். அங்கே தாய்மொழியில் பேசினால் அடி. கனடாவில் அந்தப் பள்ளிகளில் கடைசியாக மிஞ்சியவற்றை மூடியதே 1990-களில்தான். மகள் வாசித்துவிட்டு, "எப்படிப்பா, சொந்த பாஷை பேசினா தண்டனையா?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் என் அத்தை மகள் படித்தாள். தமிழ் பேசினால் ஒரு வார்த்தைக்கு நாலணா ஃபைன். அத்தை அதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வாள், நல்ல ஸ்கூல் என்பதற்கு அடையாளமாக. அந்த அடியையும் இந்த நாலணாவையும் ஒரே தராசில் வைக்க எனக்கு வாய் வரவில்லை. எங்களை யாரும் வீட்டிலிருந்து பறித்துக்கொண்டு போகவில்லை, நாங்களே வரிசையில் நின்று ஃபீஸ் கட்டினோம். ஆனால் மகளிடம் அந்த நாலணாவைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

ஆங்கில இலக்கியத்தை ஒரு பள்ளிப் பாடமாகப் பரீட்சை வைத்துப் பார்த்ததே முதலில் நம் நாட்டில்தான், இங்கிலாந்தில் இல்லை என்று கௌரி விஸ்வநாதன் 1989-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். மெக்காலேயின் குறிப்பு 1835. ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியத்துக்குத் தனிப் பட்டப்படிப்பு வந்தது 1890-களில். ஆகவே மெமரி போயத்துக்கு நாம்தான் மூத்த வாரிசு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019-ல் வந்த தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆசையாகச் செய்த நாற்காலியை ஊரார் பிணத்தை உட்கார வைக்க இரவல் வாங்கிப்போக, பிறகு வீட்டுப் பிள்ளைகளே அதில் உட்காரப் பயப்படும் கதை. என் அக்கா மகன் எர்ணாவூரில் இருந்துகொண்டு அதைப் படித்தான். "மாமா, செம கதை" என்றான். பரீட்சைக்கு என்னடா எழுதினாய் என்றால், கைடில் இருந்த பாராகிராஃப். கரிசல் காட்டு மனுஷனின் கதையையும் நாம் கைடுக்குள் இழுத்துப் போட்டுவிட்டோம்.

ஆங்கிலம் எங்கள் ஊரில் எப்போதும் இப்படிப் பயந்து கிடந்ததில்லை. காலடிப்பேட்டை என்றால் ஏதோ சாமி காலடி பதித்த இடம் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். ஜோசப் காலெட் என்று 1717 முதல் 1720 வரை சென்னைப் பட்டணத்துக்கு கவர்னர். அவர் நெசவாளர்களைக் குடிவைத்த பேட்டை, காலெட் பேட்டை. நெசவாளிகளின் வாயில் நாலு நாள் புரண்டதும் கவர்னர் காலடியாகிவிட்டார். அஜாக்ஸ், விம்கோ, டோல்கேட் என்று பஸ் நிறுத்தங்களுக்கே கம்பெனி இங்கிலீஷ்தான். டியூஷனில் வாய் திறக்காத பையன்கூட கண்டக்டரிடம் "ஒரு அஜாக்ஸ்" என்று கூச்சமில்லாமல் கேட்பான்.

எங்கள் நைனா ஆர்பரில் டாலி கிளார்க். எட்டாவதோடு நின்றவர். கப்பலிலிருந்து சிலிங்கில் சரக்கு இறங்க இறங்க, பக்கத்தில் நின்று எண்ணி எழுதுவது வேலை. ஐந்து ஐந்தாகக் கோடு. ஓரத்தில் 'ரிமார்க்ஸ்' என்று ஒரு கட்டம். அதில் ஆங்கிலத்தில் எழுதுவார்: மூன்று மூட்டை கிழிசல், கொக்கி பட்டது. ஒன்று நனைந்தது. ஒரு பெட்டி மூலை நசுங்கியது. இரண்டு ஷார்ட். வினைச்சொல் பாதி இருக்காது, எழுத்துப்பிழை இருக்கும். ஆனால் பார்க்காத எதையும் அவர் எழுதியதில்லை. எழுதினால் கீழே கையெழுத்துப் போட்டவர் தலைதான் உருளும். எங்கள் வீட்டில் ஆங்கிலம் எழுதிப் பிழைத்த முதல் ஆள் அவர் என்பது எனக்கு ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் உறைத்தது. பரீட்சைக்கு நான் எழுதிய ஆங்கிலத்தில் பிழை இருக்காது, பார்த்ததும் ஒன்றும் இருக்காது.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. அதே மாதம் புயல் மழையோடு கச்சா எண்ணெய் கொற்றலை ஆற்றுக் கழிமுகத்தில் பரவிப் படகும் வலையும் கறுத்துக் கிடந்த ஊர். நடு ராத்திரியில் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அக்காவிடமிருந்து இருமலும் வார்த்தையுமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. எனக்குக் கை பரபரத்தது. ஒரு ஆங்கிலப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். தங்கள் மேலான நாளிதழின் பத்திகள் வாயிலாக அதிகாரிகளின் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விழைகிறேன் என்று கை தானாக ஓடியது. முப்பது வருடத்துக்குப் பிறகும் ஒரு சொல் பிசகவில்லை. மகளிடம் காட்டினேன். இரண்டு தரம் படித்தாள்.

"இது யார் பேசறாங்கப்பா?"

"நான்தான்."

"இல்ல. அத்தை இருமினது இதுல எங்க இருக்கு?"

அனுப்பவில்லை.

எழுத்து வகுப்பில் போன மாதம் அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். உனக்கு வாசனையால் தெரிந்த ஓர் இடத்தைப் பற்றி எழுது. மற்ற பிள்ளைகள் டிம் ஹார்ட்டன்ஸ், பாட்டியின் சமையலறை, ஐஸ் ஹாக்கி அரங்கத்து உடை மாற்றும் அறை என்று எடுத்துக்கொள்ள, மூன்றே தடவை போன திருவொற்றியூரை இவள் எடுத்துக்கொண்டாள். உதவலாம் என்று முதல் வரியை நானே சொன்னேன்: திருவொற்றியூர் சென்னைக்கு வடக்கே அமைந்துள்ள புகழ்பெற்ற கோயில் நகரம். "அப்பா, இது கூகுள் மேப்" என்று சிரித்தாள். சிரித்துவிட்டுத் தாத்தாவைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தாள். தாத்தா வீட்டுக்கு வந்தா என்ன வாசனை? அது கப்பலைப் பொறுத்தது என்றேன். உரக் கப்பல் என்றால் மூக்கை அரிக்கும். கந்தகக் கப்பல் என்றால் புருவம், காதுமடல், சட்டைக் காலர் எல்லாம் மஞ்சள். அம்மா வாசலிலேயே நிறுத்தித் தலையில் தண்ணீர் ஊற்றுவாள். நிலக்கரி என்றால் இருமல் மட்டும் வரும், ஆள் அப்புறம். 2011-ல் உயர் நீதிமன்றம் தடுக்கும்வரை ராயபுரம் பக்கமே அந்தக் கரித்தூள்தான். மஞ்சள்னா என்ன மஞ்சள், எலுமிச்சையா, கொன்றைப் பூவா என்றாள். நான் கண்ணை மூடி யோசிக்க வேண்டியிருந்தது. சமையல் மஞ்சளைவிட வெளிறியது, தீக்குச்சி முனையை உரசிய வாசனை. இத்தனை வருடத்தில் ஆங்கிலத்துக்காக ஒருவர் என்னிடம் நான் பார்த்ததைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

கட்டுரையை அவள் டாலி ஷீட் மாதிரியே எழுதினாள். எண்ணிக்கை ஒரு பக்கம், ரிமார்க்ஸ் ஒரு பக்கம். கடைசியில் தாத்தா கையெழுத்து எப்படி இருக்கும் என்றாள், பெயரை ஆங்கிலத்தில் எந்த எழுத்தில் தொடங்குவார் என்றாள். எனக்கு நினைவில்லை. டாலி ஷீட் ஒன்றும் வீட்டில் தங்கியதில்லை, எல்லாம் ஆபீஸுக்குப் போனது. அக்காவுக்கு போன் போட்டேன். டிரங்குப் பெட்டியைக் குடைந்து, என் எட்டாம் வகுப்பு பிராகிரஸ் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். காலாண்டுத் தேர்வு. ஆங்கிலத்தில் 23. பாஸ் மார்க் 35. பெற்றோர் குறிப்பு என்ற கட்டத்தை மற்ற அப்பாக்கள் காலியாக விட்டிருப்பார்கள். நைனா விடவில்லை. நீல மையில், ஆங்கிலத்தில், சாய்வாக எழுதியிருந்தார்:

இங்கிலீஷ், பன்னிரண்டு ஷார்ட். மற்றவை ஆர்டர்.

கீழே முழுப் பெயர்.