தாழிக்குள்ள கொஞ்சம் நெல்லு!

எங்கள மாதிரி இன்ஜினீயரிங் பசங்ககிட்ட பானையைப் பத்திக் கேட்டா, 'தண்ணி ஏன் ஜில்லுனு இருக்கு?'ன்னு மட்டும் விளக்குவோம். ஆனா, ஓர் ஆளையே உள்ள உட்கார வைக்கிற பானையும் நம்ம ஊர்ல இருந்துச்சு பாஸ். பேரு, முதுமக்கள் தாழி!

ஆதிச்சநல்லூர்ல 1876-லேயே ஜாகோர்ங்கிற ஜெர்மன்காரர் தோண்ட ஆரம்பிச்சுட்டார். 2004-ல மத்திய தொல்லியல் துறை மறுபடி தோண்டினப்ப, கிடைச்ச தாழிகள் 160-க்கும் மேல. சிலதுல முழு உடம்பு, சிலதுல பொறுக்கியெடுத்து வெச்ச எலும்பு. கூடவே சின்னச் சின்னக் கிண்ணங்கள். பக்கத்துல சிவகளையில ஒரு தாழிக்குள்ள நெல் உமி இருந்துச்சு. அதோட வயசு கி.மு. 1155-னு 2021-ல அறிவிச்சாங்க!

கொரியாவுலயும் நாஜு பக்கம், கி.பி. மூணாம் நூற்றாண்டுல இருந்து, ரெண்டு பெரிய ஜாடியை வாயோட வாய் பொருத்தி, உள்ள ஆளைப் படுக்க வெச்சுப் புதைச்சிருக்காங்க. உடனே 'அவங்க நம்ம சொந்தக்காரங்க'னு கிளம்பிடாதீங்க. போறவங்களை வெறுங்கையோட அனுப்ப எந்த ஊருக்கும் மனசு வராது, அவ்வளவுதான்.

அந்த நெல்லு எனக்கு எங்க அப்பாயியை ஞாபகப்படுத்துச்சு. போன வருஷம் செட்டிகுளத்துல அவங்க இறந்தப்ப, எல்லாரும் வாய்க்கரிசி போட்டோம். பாடை கிளம்பினதும், 'பொண்ணுங்க இதோட நில்லுங்க'ன்னு தெருமுனையில நிறுத்திட்டாங்க. வருஷத்துக்கு ஒருதடவை எட்டிப்பார்த்த ஆம்பளைங்க எல்லாம் சுடுகாடு வரைக்கும் போனாங்க. அவங்க மடியில வளர்ந்த நான், வீடு கழுவி விட்டுட்டு இருந்தேன்.

புறநானூறு 256-ஆம் பாட்டுல, புருஷனை இழந்த ஒருத்தி குயவர்கிட்ட நேராவே பேசுறா. தாழியை எனக்கும் சேர்த்து அகலமா செய்யுங்கங்கிறா. கூடவே போயிடணும்னு அவ நினைக்கிறதுல எனக்கு உடன்பாடில்லை. ஆனா, தாழி எவ்வளவு பெருசுன்னு சொல்ற இடத்துல ஒரு பொண்ணு நிக்கிறா பாருங்க, அது பிடிச்சிருக்கு.

கருமாதி முடிஞ்சு அப்பாகிட்ட கேட்டேன்... "நான் ஒரே பொண்ணு. உங்களுக்குக் கொள்ளிக்குடம் யாருப்பா தூக்குறது?"

"வாயைக் கழுவுடி!"ன்னு அம்மா கத்தினாங்க.

அப்பா ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் மெதுவா சொன்னார்... "தண்ணி நிரப்பினா கனமா இருக்கும். பார்த்துத் தூக்கு."