அரசாணிக்காயும் பக்கத்துக் காட்டு மருந்தும்

நீங்க பரங்கிக்காய், மஞ்சள் பூசணின்னு சொல்றதுதான் எங்க கொங்குப் பக்கம் அரசாணிக்காய். சுரை, பீர்க்கன், பாகல், புடலை எல்லாம் இதோட சொந்தம்தான். களைக்கொல்லின்னா இந்தக் குடும்பத்துக்கே ஆகாது.

மக்காச்சோளத்துக்கு டூ ஃபோர் டி அடிப்பாங்க. செடியோட வளர்ச்சி ஹார்மோன் மாதிரியே வேலை செய்யும் மருந்து அது. அகல இலைச் செடி மேல பட்டால் தாறுமாறாக வளர்ந்து, முறுக்கிக்கிட்டுச் சாகும். சோளம், நெல், கரும்பு எல்லாம் புல் சாதி, தாங்கிக்கும். சாரணை, பார்த்தீனியம் அகல இலை. அரசாணியும் அகல இலைதான். மருந்துக்கு எது களை, எது காய்னு தெரியுமா?

புல்லை மட்டும் கொல்ற மருந்தும் கடையில இருக்கு. அதுக்குக் கோரை கேக்காது, சாரணையும் கேக்காது. அதனால எனக்குக் கொத்துதான். குழிக்குக் குழி ரெண்டு மீட்டர் இடைவெளி. கொடி ஓடி அந்த இடத்தை மூடும் வரைக்கும் களை வெட்டியே ஆகணும். மூடிட்டா நிழலில் களை அவ்வளவா எழும்பாது.

உள்ளே இவ்வளவு பார்த்தாலும், வரப்புக்கு அந்தப் பக்கம் என் கையில் இல்லை. போன வருஷம் ஆடிக் காத்துல பக்கத்துக் காட்டில் மருந்தடிச்சாங்க. கொஞ்ச நாளில் வரப்போரம் நாலு வரிசையில் கொடி நுனி முறுக்கி, இலை கிண்ணம் மாதிரி குவிஞ்சுது. அதில் பிஞ்சே நிக்கலை.

சண்டைக்குப் போகலை. ஒரே வாய்க்கால் தண்ணி பாய்ச்சறவங்க நாங்க. "அடிக்க வேண்டாம்னு சொல்லலீங்க மாமா. காத்து அடங்கின நேரமாப் பாருங்க, முந்தின நாள் ஒரு போன் போடுங்க"ன்னேன். "மருந்தடிக்கிற ஆளு வர்றதே ஒம்பது மணிக்கு மாப்ளே, அப்பக் காத்து எந்திரிச்சுருது, நான் என்ன பண்ண?"ன்னாரு. அதுவும் நிஜம்தான்.

இந்த வருஷம் அந்த நாலு வரிசையில் அரசாணி போடலை. முன்கூட்டியே சோளத்தட்டு நெருக்கமா விதைச்சேன். மருந்தையும் தாங்கும், காத்தையும் கொஞ்சம் தடுக்கும். நாலு வரிசைக் காய் எனக்கு நட்டம். தெளிப்பானையும் இரவல் வாங்கறதில்லை. டூ ஃபோர் டி கலந்த டேங்கைச் சும்மா அலசினால் போகாது. மிச்சம் ஒட்டியிருந்தாலே கொடி முறுக்கிக்கும்.

மாமா முதல் தடவை அடிக்கறதுக்கு முந்தின நாள் போன் பண்ணினாரு. ரெண்டாவது தடவை பண்ணலை. அன்னைக்குச் சோளத்தட்டு ஆள் உயரம் நின்னுது.