பின்தங்கிய கணினி

2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. தஞ்சாவூரில் நான் கணினிகளைப் பராமரித்துவந்த அலுவலகம் மே மாதத்தில்தான் விழித்துக்கொண்டது. மொத்தம் 38 கணினிகள். ஒரே வார இறுதிக்குள் அனைத்தும் விண்டோஸ் 7க்கு மாறிவிட வேண்டும் என்றார்கள்.

ஒவ்வொன்றாக நிறுவினால் இரண்டு வாரமாகும். இதற்கொரு குறுக்குவழி உண்டு. ஒரு கணினியை மட்டும் தேவையான மென்பொருள்கள் அனைத்தோடும் ஆயத்தம் செய்து, அதன் வன்தட்டை அப்படியே படிமமாக எடுத்து, வலைப்பின்னல் வழியே மற்றவற்றின் மேல் ஒரே நேரத்தில் பதித்துவிடலாம். தைவானில் உருவான குளோன்சில்லா என்னும் கட்டற்ற மென்பொருளை இதற்கென எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மாலை, அந்த மாதக் கடைசியில் ஓய்வுபெறவிருந்த எழுத்தர் ஒருவர் அருகில் நின்று வேடிக்கை பார்த்தார். "நாத்தங்கால் மாதிரின்னு சொல்லுங்க" என்றார். ஆமென்றேன். "நாத்து ஒண்ணுதான் தம்பி. வயலு ஒண்ணா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

முதல் இடர் உடனே வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் அனுப்பும்போது, மிக மெதுவாக வாங்கும் கணினியின் வேகத்துக்கே மற்றவையும் இறங்கிவிடும். மூலையிலிருந்த ஒரு கணினியின் பழைய வலையட்டை மற்ற 37ஐயும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அதன் கம்பியைப் பிடுங்கி ஓரமாக வைத்தேன். நள்ளிரவுக்குள் பதிப்பு முடிந்தது.

இயக்கிப் பார்த்தால், இதே பெயரில் வேறொரு கணினி இருக்கிறது என்று ஒவ்வொன்றும் முறையிட்டது. ஒன்பது கணினிகள் நீலத்திரையோடு நின்றுவிட்டன. தவறு என்னுடையதே. படிமம் எடுக்குமுன் சிஸ்பிரெப் என்னும் கருவியை ஓட்டி, தாய்க் கணினியின் பெயரையும் அடையாள எண்ணையும் வன்பொருள் பிணைப்புகளையும் களைய வேண்டும். அரைமணி மிச்சமாகுமே என்று அதைத் தவிர்த்திருந்தேன். தாய்க் கணினியின் வன்தட்டு ஏ.எச்.சி.ஐ. முறையில் இயங்கியது, அந்த ஒன்பதும் பழைய ஐ.டி.ஈ. முறையில் இருந்தன. தன் வன்தட்டையே படிக்கத் தெரியாமல் அவை விழித்தன. ஞாயிறன்று சிஸ்பிரெப்பை ஓட்டி, புதிய படிமம் எடுத்து, மீண்டும் பதித்தேன். 37ம் எழுந்தன.

திங்கள் காலை அந்த எழுத்தர் என்னைத் தேடி வந்தார். அவருடைய கோப்புகளை முன்பே சேமித்து, பத்திரமாகத் திருப்பி வைத்திருந்தேன். திறந்தால் தமிழ் இல்லை. தலைமேல் புள்ளியும் கோடும் சுமந்த ஐரோப்பிய எழுத்துகள் பக்கம் பக்கமாக நிறைந்திருந்தன.

அலுவலகக் கோப்புகள் அல்ல அவை. 1997 முதல் உணவு இடைவேளைகளில் அவர் தட்டெழுதிவந்த நடவுப் பாட்டுகள். தம் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் சேற்றில் குனிந்து நட்ட பெண்களிடம் கேட்டு எழுதியவை. பாடியவர்களில் பலர் இன்றில்லை. நடவு இயந்திரம் இறங்கிய வயல்களில் பாட்டும் நின்றுபோயிற்று.

1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் குறியாக்கங்களை அறிவிக்கும்வரை, எழுத்துரு விற்ற ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரு முறை வைத்திருந்தனர். ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றியிருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லையேல் தமிழும் இல்லை. கோப்புகளைக் காப்பாற்றிய நான் எழுத்துருவை நினைக்கவில்லை. அது வந்த நெகிழ்வட்டு எப்போதோ தொலைந்திருந்தது. விற்ற கடையும் மூடியாயிற்று.

"பாட்டு போயிடுச்சா தம்பி?" என்று மெல்லக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அப்போதுதான் மூலையில் கிடந்த கணினி நினைவுக்கு வந்தது. அனுப்பும் வேலையைத் தாமதப்படுத்தியதால் நான் ஒதுக்கிவைத்தது. ஆகவே அழியாமல் எக்ஸ்பியோடு இருந்தது. எழுத்துருக் கோப்புறையைத் திறந்தேன். அந்த எழுத்துரு அதில் இருந்தது. பென் டிரைவில் எடுத்துவந்து நிறுவியதும் முதல் பக்கம் தமிழாக மாறியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார்.

இனியும் ஓர் எழுத்துருவை நம்பியிருக்கக் கூடாது என்று, அரசு 2010இல் ஏற்றுக்கொண்ட யூனிகோடுக்கு அவற்றை மாற்ற முனைந்தோம். பழைய முறையில் கொம்பை முதலில் அடித்து மெய்யைப் பின்னால் அடித்திருப்பார்கள். யூனிகோடில் மெய் முந்தும், கொம்பு பிந்தும். ஒவ்வோர் எழுத்துக்கும் அட்டவணை போட்டு, கொம்புகளை இடம்மாற்றி, அவர் வாசிக்க நான் சரிபார்த்தேன். ஓய்வுபெறுவதற்கு இரண்டு நாள் முன்பு வேலை முடிந்தது.

அதன் பிறகு எத்தனையோ அலுவலகங்களில் படிமம் பதித்திருக்கிறேன். சிஸ்பிரெப்பை ஒருபோதும் தவிர்த்ததில்லை. அதற்கும் முன்னால், ஒவ்வோர் இருக்கையாகச் சென்று, அங்கே அமர்ந்திருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்கிறேன்: "இந்தக் கணினியில் உங்களுக்கென்று என்ன வைத்திருக்கிறீர்கள்?" பெரும்பாலோர் ஒன்றுமில்லை என்பார்கள். சற்று நேரம் நின்றுகொண்டே இருந்தால், பிறகு ஏதாவது சொல்வார்கள்.