திண்ணையில் திருச்சபைச் சரித்திரம்

வேத புஸ்தகத்தைக் குழந்தைகளுக்குக் கற்பிப்பதற்கு வேதக்காரர் வீடுகளில் வசதிக்குக் குறைவில்லை. ஞாயிறு பள்ளிக்கூடம் இருக்கிறது. வர்ணப்படம் போட்ட கதைப் புஸ்தகங்கள் இருக்கின்றன. நோவாவின் பேழையும் தாவீதின் கவணும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால் வேத புஸ்தகத்தின் கடைசி ஏடு புரண்டபின் என்ன நடந்தது என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், பெரியவர்கள் பாடு திண்டாட்டந்தான். கடையில் கிடைக்கும் திருச்சபைச் சரித்திரங்கள் பெரும்பாலும் சீமையிலோ அமெரிக்காவிலோ எழுதப்பட்டவை. ரோமாபுரிச் சக்கரவர்த்திகள் வருகிறார்கள், லூத்தர் வருகிறார், கடல் தாண்டி அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்களின் கப்பல் வருகிறது. கடலூர் வருவதில்லை; சிதம்பரம் வருவதில்லை; கொள்ளிடம் ஓடுவதில்லை. இப்படிப்பட்ட புஸ்தகத்தைப் படிக்கும் குழந்தை, தன் மதம் எங்கிருந்தோ மூட்டை கட்டி இறக்குமதியான சரக்கு என்று எண்ணிக்கொண்டால் அதன்மேல் குற்றம் சொல்ல முடியுமா?

நம் பேரப்பிள்ளைகள் இருவர். பேரனுக்குப் பன்னிரண்டு வயது, பேத்திக்கு எட்டு. சிதம்பரத்தில் படிக்கிறார்கள், விடுமுறை விட்டதும் கடலூருக்கு நம்மிடம் வந்துவிடுவார்கள். போன கோடை விடுமுறையில் வந்த இரண்டாம் நாளே பேரன் ஒரு கேள்வி போட்டான்.

"தாத்தா, நம் மதம் வெள்ளைக்காரன் மதந்தானா? தெற்கு வீதியில் என் சிநேகிதன் கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை."

சிநேகிதன் விரோதமாகக் கேட்கவில்லையாம், தெரிந்துகொள்ளவே கேட்டானாம். அதனால் கேள்வி இன்னும் கனமாகிவிட்டது. நம் தகப்பனார் கதர் கட்டியவர். கதர் வேஷ்டியோடு கோயிலில் நுழைந்தபோது ஒரு பக்கத்திலும், நெற்றியில் ஒன்றுமில்லாமல் தேசியக் கூட்டத்தில் உட்கார்ந்தபோது மறுபக்கத்திலும் முணுமுணுப்புக் கேட்டவர். அவர் காலத்துக் கேள்வி மூன்றாம் தலைமுறையில் வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. "இல்லை" என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதை நம்பவும் நம்பாது. நம்பினாலும் சிநேகிதனிடம் எடுத்துச் சொல்ல அதன் கையில் ஒன்றும் இராது. ஆகவே அந்த விடுமுறையைச் சரித்திரத்துக்கென்று ஒதுக்கிவிட்டோம்.

முதலில் கடையிலிருந்து பழுப்புக் காகிதச் சுருள் ஒன்று வாங்கி வந்து தாழ்வாரத்துச் சுவரில் நீளமாக ஒட்டினோம். ஒரு சாணுக்கு இருபத்தைந்து வருஷம் என்று கணக்கு. 1500-ல் ஆரம்பித்தால் நம் காலத்துக்கு வந்துசேர இருபத்தொரு சாண் ஆயிற்று. பேத்தி தன் சாணால் அளக்க, பேரன் தன் சாணால் அளக்க, இரண்டு நூற்றாண்டுகள் தகராறில் போய், கடைசியில் பாட்டியின் சாணே பிரமாணமென்று தீர்ந்தது.

அந்தச் சுருளில் முதலில் ஏறிய வருஷம் 1578. அவ்வாண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற பதினாறு பக்கச் சிறு நூல் அச்சாயிற்று. அண்டிரிக் பாதிரியார் என்று நம்மவர் வழங்கிய போர்ச்சுகீசியர் அன்றிக்கே அன்றிக்கஸ், முத்துக்குளித்துறை மக்களுக்காகச் செய்வித்தது. இந்திய பாஷைகளில் இந்திய எழுத்தில் அச்சேறிய முதல் நூல் தமிழ் நூல் என்று கேட்டதும் பேரனுக்கு முகம் மலர்ந்தது. நமக்கும் அந்தப் பெருமை உண்டு, மறைப்பானேன்?

அச்சு என்றால் என்ன என்பதைச் சொல்லி விளக்குவதைவிடச் செய்து பார்ப்பது எளிது. உருளைக்கிழங்கைப் பாதியாய் நறுக்கி, அதில் எழுத்தைச் செதுக்கி, மையில் தோய்த்துக் காகிதத்தில் ஒற்றினார்கள். பேத்தி அரைமணி நேரம் பாடுபட்டுச் செதுக்கிய 'ழ' காகிதத்தில் திரும்பிக்கொண்டு விழுந்தது. எழுத்தை இடம் வலம் மாற்றித்தான் வெட்ட வேண்டும் என்று அவளே கண்டுபிடித்தாள். அதன்பிறகு தரங்கம்பாடிக் கதையைச் சொல்ல நமக்குச் சுலபமாயிற்று. ஜெர்மனி தேசத்து ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துக்கள் அளவில் பெரியவை, காகிதத்தை விழுங்கிவிட்டன. காகிதமோ கப்பலில் வரவேண்டிய பண்டம். எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்கள் வார்த்தார்கள். அதற்குச் சீமைப் பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயத் தகட்டை உருக்கினார்கள் என்று சொல்வதுண்டு. 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அன்று முழுதும் பேத்தி பாலாடைக்கட்டியையே பேசிக்கொண்டிருந்தாள்.

அந்தப் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்த சீகன்பால்க், 1706-ம் வருஷம் ஜூலை மாதம் தரங்கம்பாடியில் இறங்கியபோது இருபத்துநான்கு வயது வாலிபர். அவர் தமிழ் கற்ற விதம் நம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. திண்ணைப் பள்ளி உபாத்தியாயர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் செய்து, சின்னஞ்சிறு பிள்ளைகளோடு தாமும் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிக் கற்றார். தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு மாலை முழுவதும் இதே பாடந்தான். நாமும் குனிந்து 'அ' எழுதினோம். எழுந்திருக்கத்தான் இருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

மணல் எழுத்தின் தொடர்ச்சியாக வீரமாமுனிவர் வந்தார். இத்தாலியில் 1680-ல் பிறந்து, கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சியில் தங்கி, 'தேம்பாவணி' பாடியவர். காப்பியத்தைப் பிள்ளைகளுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவர் எழுத்தில் செய்த சீர்திருத்தமே விளையாட்டுக்கு ஏற்றது. அந்நாளில் எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் உள்ள வேற்றுமை ஒரு புள்ளியில்தான் இருந்தது. ஓலை கிழியும் என்று அஞ்சி அந்தப் புள்ளியையும் வைக்காமல் விடுவார்கள். "இப்படியானால் 'பெய்' எது, 'பேய்' எது?" என்று கேட்டோம். "மழை பெய்தது" என்று எழுதி "மழை பேய்தது" என்று படித்து, பிறகு "கொடு" என்பதைக் "கோடு" ஆக்கி, பிள்ளைகள் ஒருமணி நேரம் சிரித்தார்கள். கொம்பைச் சுழித்து நெடிலைப் பிரித்துக் காட்டியவர் இவர் என்று அறிந்ததும் பேரன் சற்று யோசித்தான். "அப்படியானால் என் சிநேகிதன் பேரில் உள்ள ஏகாரமும் அவர் போட்டதுதானே, தாத்தா?" என்றான். ஆம் என்றோம்.

இதுவரை எல்லாம் இனிப்பு. இனிப்பை மட்டும் ஊட்டினால் அது சரித்திரமாகாது.

தேவனாம்பட்டினத்துக் கோட்டை மேட்டை நம் ஊர்க்காரர் யாவரும் அறிவர். 1690-ல் கம்பெனியார் செஞ்சி மராத்தியரிடம் அந்தக் கோட்டையை வாங்கினார்கள்; பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை சுற்றுவட்டாரமும் தங்களுடையதென்பது பேரம். சுட்டார்கள், விழுந்த இடங்கள் குண்டு கிராமங்களாயின. டேவிட் கோட்டை என்று அதற்குப் பரிசுத்தவானின் பேரும் சூட்டினார்கள். பீரங்கிக்கும் அர்ச்சிஷ்டருக்கும் என்ன சம்பந்தம் என்று பேரன் கேட்டது நியாயமான கேள்வி.

அந்தக் கோட்டையின் நிழலில், 1740-ல் சுவீடன் தேசத்து கீர்நாண்டர் என்ற பாதிரியார் வந்து ஊழியம் செய்தார். 1749-ல், பிரெஞ்சுக்காரருக்கு அனுகூலமானவர்கள் என்ற சந்தேகத்தின்பேரில் கத்தோலிக்கக் குருமாரைக் கம்பெனியார் கடலூரிலிருந்து வெளியேற்றி, அவர்களுடைய கோயிலை எடுத்து இவரிடம் கொடுத்தார்கள். ஒன்பது வருஷம் கழித்து, 1758-ல், பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்தார். கீர்நாண்டர் கல்கத்தாவுக்குப் போய்ச் சேர்ந்தார். கோயில் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாறியதில் ஜெபத்தைவிடப் பீரங்கிக்குப் பங்கு அதிகம் என்பதைப் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொன்னோம்.

ஒளிக்காமல் சொன்னதால்தான் மறுபக்கத்தையும் தைரியமாகச் சொல்ல முடிந்தது. சீகன்பால்கைச் சிறையில் போட்டது யார்? தரங்கம்பாடி டேனிஷ் கவர்னர்! 1708-09-ல் நான்கு மாதம் டான்ஸ்பர்க் கோட்டையில் அடைத்து வைத்தார். 1813 வரையில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லையில் பாதிரிமார் வருவதைத் தாராளமாக அனுமதித்ததில்லை. வியாபாரத்துக்குத் தொந்தரவு என்பது அவர்கள் கருத்து. நம் நாட்டில் பிறந்த அசரியா 1912-ல் அத்தியட்சரானார். தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா காந்தியடிகளோடு கிராமக் கைத்தொழிலுக்கே வாழ்க்கையைக் கொடுத்தார்; அன்னிய ஆட்சியின் சிறையையும் கண்டார். இந்தப் பெயர்களெல்லாம் சுவர்ச் சுருளில் ஏறின. பேரன் சிறைப்பட்டவர் பெயருக்கெல்லாம் சிவப்பு மையால் கட்டம் போட்டான்.

சிதம்பரத்துக்கு ஒன்றுமில்லையா என்று பேத்தி குறைப்பட்டுக்கொண்டாள். உண்டு. 1597-ல் பிமெந்தா என்ற சேசு சபைப் பாதிரியார் சிதம்பரத்தில் செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கரைச் சந்தித்தார். நாயக்கர் அப்போது கோவிந்தராஜர் சந்நிதித் திருப்பணியில் ஈடுபட்டிருந்தார். பரம வைஷ்ணவரான அந்த மன்னர், கொள்ளிட முகத்துவாரத்தருகே தாம் நிர்மாணித்த பட்டணத்தில் கிறிஸ்தவர் கோயில் கட்டிக்கொள்ள அனுமதி தந்தார். பிள்ளைகள் நாள்தோறும் கடந்து போகும் வீதிகளில் நடந்த விஷயம்! ஆனால் அதே பாதிரியார், அந்தத் திருப்பணியை எதிர்த்து அர்ச்சகர்கள் கோபுரத்திலிருந்து குதித்து உயிர் விட்டதையும் எழுதி வைத்திருக்கிறார். இதைப் பேரனுக்கு மட்டும் தனியே சொன்னோம். எட்டு வயதுக்கு அது வேண்டாம். அவன் வெகுநேரம் பேசவில்லை. ஒருவர் கோயிலுக்கு மனமுவந்து இடம் கொடுத்த அதே கை, தன் ஊர்க்காரரின் வேதனையைப் பொருட்படுத்தவில்லை என்பதை அவன் எப்படி ஜீரணித்துக்கொண்டானோ!

இனி, வீட்டிலேயே அபிப்பிராய பேதம் விளைத்த பாடம். தரங்கம்பாடியில் 1718-ல் கட்டிய புது எருசலேம் கோயிலில் ஜாதிவாரியாக இடைவெளி விட்டு ஜனங்கள் உட்கார்ந்தார்கள். நூறு வருஷத்துக்குமேல் பல கோயில்களில் இது நீடித்தது. 1833-ல் வில்சன் அத்தியட்சர் சபையில் ஜாதி ஒழியவேண்டுமென்று கட்டளையிட்டபோது தஞ்சையிலும் சென்னையிலும் கலகமே மூண்டது. நம் ஊருக்கு அடுத்த மேல்பட்டாம்பாக்கம் சபையின் கதையும் இதுதான்: ஜாதி விஷயத்தில் லைப்சிக் சங்கத்தோடு ஒத்துப்போகாமல் பிரிந்து வந்த ஓக்ஸ் பாதிரியார் 1860-களில் ஊன்றியது அது. நெல்லிக்குப்பம் தாண்டி ரயில் நிற்கும்போதெல்லாம் பிள்ளைகள் பார்க்கிற பெயர்ப்பலகை.

இதைச் சொல்லப் போகிறோம் என்றதும் அவர்களுடைய பாட்டி தடுத்தாள். "குழந்தைகளுக்கு இது எதற்கு? தெரியாத வரையில் இல்லாத மாதிரிதானே? பெரியவர்களானபின் தாமே தெரிந்துகொள்ளட்டும்" என்றாள். அவள் வாதம் அலட்சியம் செய்யத்தக்கதன்று. சொல்லிக் கொடுத்தே பேதத்தை வளர்த்தவர்கள் உண்டு. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் யாரேனும் இதை ஏளனமாகச் சொல்லி முதன்முதலில் அறிவதைவிட, நம் வாயால் அறிவது மேல் என்று தோன்றியது. சொன்னோம்.

"தாத்தா, நாம் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம்?" என்றாள் பேத்தி.

இந்தக் கேள்வியைத்தான் பாட்டி முன்கூட்டியே கண்டு பயந்திருக்கிறாள். நாம் பதில் சொல்லுமுன் அவளே சொன்னாள்: "தாத்தாவின் பாட்டன்மார் ஒரு பக்கம், அம்மா. என் பாட்டன்மார் மறுபக்கம்."

பிறகு அவளே கதையையும் சொன்னாள். எங்கள் விவாகம் 1976-ல் நடந்தது. ஓலை கொடுத்துக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசித்தாகியும், விருந்தில் போட்ட இலைகளில் பாதி காலியாயிருந்தன. சாம்பாரை அண்டாவோடு அண்டை வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினார்கள். வராதவர்களில் சிலர் பிறகு வந்தார்கள். சிலர் கடைசிவரையில் வரவேயில்லை. அவர்கள் பெயரைப் பிள்ளைகள் கேட்டும் அவள் சொல்லவில்லை.

அன்று மாலை தாழ்வாரத்துப் பக்கம் போனபோது, காகிதச் சுருளின் பத்தொன்பதாவது சாணுக்குச் சற்றே அப்பால் புதிதாக ஒரு கோடு இருந்தது. எழுத்து பேத்தியினுடையது, பக்கத்தில் சின்னதாக ஒரு வாழையிலையும் போட்டிருந்தாள். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வருஷம் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறதா என்று தன் சாணால் அளந்துகொண்டிருந்தாள்.