காசிமேட்டில் எஞ்சின் எழுப்புகிறவர்

ஜூன் 14 நள்ளிரவு தாண்டியதும் காசிமேட்டிலிருந்து விசைப்படகுகள் கிளம்பும் படம் வருடா வருடம் நாளிதழ்களில் வந்துவிடுகிறது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது, மீனவர்கள் உற்சாகம், இனி மீன் விலை குறையும். செய்தி அவ்வளவுதான். ஏப்ரல் 15 முதல் 61 நாள் அசையாமல் கிடந்த எஞ்சின் எப்படி உயிர் பெற்றது என்று எந்தச் செய்தியும் சொல்வதில்லை. ராயபுரத்தில் வலை வியாபாரம் செய்யும் நண்பரிடம் கேட்டேன். "கிளம்புற அன்னிக்கு வந்தா ஒண்ணும் தெரியாது, ஜூன் மொத வாரம் வாங்க" என்று சொல்லி, ஒரு மெக்கானிக் மேஸ்திரியிடம் கூட்டிப்போனார்.

துறைமுகத்தில் படகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிக் கிடந்தன. நாங்கள் போகவேண்டிய படகுக்கு மூன்று படகுகளின் தளத்தைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. வலை சீர்செய்வதையும் பெயின்ட் அடிப்பதையும் பலரும் எழுதிவிட்டார்கள். நான் நேரே எஞ்சின் ரூமுக்குள் இறங்கினேன். ஜூன் வெயிலில் அந்தக் குழிக்குள் மூச்சு முட்டியது.

உள்ளே இருந்தது ஆறு சிலிண்டர் லேலண்ட் எஞ்சின். 1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955இல் அசோக் லேலண்ட் ஆன தொழிற்சாலை, இதே கடற்கரையில் வடக்கே எண்ணூரில்தான் இருக்கிறது. மேஸ்திரி வேலை கற்றதும் அந்தப் பக்கம்தான். பதினான்கு வயதில் திருவொற்றியூரில் ஒரு லாரி ஷெட்டில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கச் சேர்ந்தவர். லாரியில் இருக்கும் எஞ்சின்தான் படகிலும் இருக்கிறது என்று தெரிந்ததும் காசிமேட்டுக்கு வந்துவிட்டார். "எஞ்சின் ஒண்ணுதான் சார். ஆனா லாரி நின்னா தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம். நடுக்கடல்ல யாரு தள்றது?"

சாவியைப் போட்டு முடுக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் சாவிப் பக்கமே போகவில்லை. எஞ்சினின் முன்பக்கம் கிராங்க் புல்லி நட்டில் நீளமான கம்பியை மாட்டிக் கையாலேயே சுற்றினார். முழுசாக இரண்டு சுற்று. சைலன்ஸர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருந்தால் பிஸ்டன் மேலே ஏற முடியாது. காற்று அழுந்திக் கொடுக்கும், தண்ணீர் அழுந்தாது. அது தெரியாமல் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிறகு எஞ்சினையே பிரிக்க வேண்டும். அடுத்து ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்தபடி உதவிக்கு இருந்த பையனிடம் செல்ஃபை விட்டுவிட்டு அடிக்கச் சொன்னார். டீசல் போகாது, எஞ்சின் வெறுமனே சுற்றும். இரண்டு மாதத்தில் ஆயில் முழுக்கக் கீழே சம்ப்புக்கு இறங்கியிருக்கும். பேரிங்குகள் வறண்டு கிடக்கும்போது எஞ்சின் ஓடினால் அவை தேய்ந்துபோகும். ஆயில் மீட்டரின் முள் அசைந்த பிறகுதான் லீவரை விட்டார்.

இதற்கு அப்புறம் பேட்டரி, கடல்தண்ணீர் பம்ப் எல்லாம் பார்த்தார். எனக்கு மனதில் நின்றது டீசல் ஃபில்டர்தான்.

பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலை ஃபில்டருக்கு அடியில் பிடித்து அடித்திருகைத் திறந்தார். முதலில் வந்தது தண்ணீர். அதன் மேல் பழுப்பாக ஒரு வழவழப்பு, அதற்கும் மேலே டீசல். தண்ணீரும் டீசலும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் நுண்ணுயிர்கள் டீசலைத் தின்று வளரும். அவற்றின் படலம்தான் அது. தண்ணீர் எங்கிருந்து வந்தது? டேங்கின் மேல்பாதி காலி. பகலில் வெயிலில் காய்ந்து இரவில் குளிரும் இரும்பு டேங்க், ஈரக் கடல்காற்றை உள்ளே இழுக்கிறது. அந்த ஈரம் சுவரில் வியர்த்து அடியில் சேர்கிறது. டேங்க் நிறைய டீசல் இருந்தால் காற்றுக்கே இடமில்லை, தண்ணீரும் சேராது.

அப்படியானால் டேங்கை ஏன் நிரப்பி வைக்கவில்லை என்று கேட்டேன். மேஸ்திரி பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "இந்தத் தண்ணியப் பாத்தா ஓனருக்கு எவ்ளோ கடன்னு சொல்லிடுவேன் சார்." ஏப்ரல் 14 கரை திரும்பும்போது டேங்கில் டீசல் அதிகம் மிச்சமில்லாமல் வருகிறவர்களே அதிகம். இரண்டு மாதம் ஓடாத படகுக்குள் அவ்வளவு பணத்தை டீசலாக ஊற்றிவைக்க யாரிடம் இருக்கிறது?

டேங்கைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, புது டீசல் ஊற்றினார்கள். இனிக் காற்றை எடுக்க வேண்டும். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தத்தில் 500 டிகிரிக்கு மேல் சூடான காற்றுக்குள் டீசல் பீய்ச்சப்பட்டுத் தானே பற்றிக்கொள்கிறது. நாசில் திறக்க, சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அளவில் அழுத்தம் வேண்டும். குழாயில் ஒரு குமிழ் காற்று இருந்தாலும் பம்ப் தள்ளத் தள்ள அந்தக் காற்று சுருங்கி விரியுமே தவிர, நாசில் திறக்காது. ஃபீட் பம்ப்பின் கைப்பிடியைப் பையன் அமுக்கிக்கொண்டே இருந்தான். ஃபில்டர் திருகின் வழியே நுரை வந்தது, குமிழ் வந்தது, பிறகு கண்ணாடிபோல டீசல் மட்டும். அடுத்து நாசில் பக்கத்து நட்டுகளைத் தளர்த்தி, "செல்ஃப் அடி" என்றார். ஒவ்வொரு குழாயிலும் டீசல் துள்ளிவரவர, பதினேழாம் நம்பர் ஸ்பானரால் ஒவ்வொன்றாக இறுக்கினார். நாலாவது குழாய் மேல் இரண்டு விரலை வைத்து நாடி பார்ப்பதுபோல் நின்றார். துடிப்பு இல்லை. மறுபடி தளர்த்தினார், மறுபடி நுரை. ஸ்பானரை விட அந்த இரண்டு விரலைத்தான் அவர் நம்புகிறார்.

எஞ்சின் வெள்ளைப் புகை கக்கி, தடுமாறி, பிறகு சீரானது. படகு ஓனர் மேலிருந்து கையெடுத்துக் கும்பிட்டார். கூலி? முதல் பாடு வந்ததும் தருவார்.

அந்த முதல் பாட்டில் கிடைக்கும் மீன் யாருக்கென்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. வலைக்கும் பழுதுக்கும் ஐஸுக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரிக்குத்தான் அது போகவேண்டும். விலையையும் அவரே சொல்வார், கமிஷனையும் அவரே கழிப்பார். கடலையே பார்க்காதவர் முதலில் எடுத்துக்கொள்கிறார், எஞ்சினை எழுப்பியவர் கடைசியில் வாங்கிக்கொள்கிறார். இதை வழக்கம் என்று சொல்லி ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. தடைக்காலம் வேண்டும், மீன் முட்டையிடும் பருவத்தில் கடலை விட்டுவைப்பது சரியானதே. 2001இல் 45 நாளாகத் தொடங்கிய தடை 2017இல் 61 நாளானது. மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. மேஸ்திரி மீனவர் பட்டியலில் இல்லை, அவருக்கு அதுவும் கிடையாது.

தமிழ்நாடு மீன்வளக் கூட்டுறவு இணையம் ஏற்கெனவே படகுகளுக்கு டீசல் விற்கிறது. ஏப்ரல் நடுவில் கரை திரும்பும் படகுக்கு ஒரு டேங்க் டீசலை அதுவே வட்டியில்லாக் கடனாக ஊற்றிவைத்து, ஜூன், ஜூலையில் தவணையாகக் கழித்துக்கொண்டால் என்ன? டீசல் எங்கேயும் போகாது, படகிலேயே இருக்கும். டேங்கில் தண்ணீர் சேராது. பம்ப், நாசில் செலவு மிச்சம். அந்த அளவுக்கு வியாபாரியிடம் கைநீட்டுவதும் குறையும். ஓனரிடம் சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "டீசல் சரி சார். வலைக்கு யார் குடுப்பா?" என்று கேட்டுவிட்டு, ஐஸ் ஆர்டர் கொடுக்கப் போனார்.