கதவில்லா வண்டிக்கு ஒரு கண்ணாடி

கேமரன் மலைக்குப் போனவர்கள் பழைய லேண்ட் ரோவர் வண்டிகளைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா என எந்தப் பக்கம் போனாலும், கோஸ் கூடைகளையோ உர மூட்டைகளையோ சுமந்துகொண்டு ஒரு வண்டி முனகியபடி மேடேறும். பிரிட்டனில் உருவாகி 1948-இல் அறிமுகமான வண்டி அது. போர் முடிந்த அந்தக் காலத்தில் அங்கே இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. அதனால் வண்டியின் மேல்தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். மலையின் ஈரத்தைத் தாங்க அதுவே வசதியாகிவிட்டது. இன்னொரு வசதி, எதையும் கழற்றி மாட்டலாம். கதவின் மேல்பாதி தனி, கீழ்ப்பாதி தனி. வேண்டாமென்றால் முழுக் கதவையும் கழற்றி ஓரமாக வைத்துவிடலாம்.

என் மாமா அப்படித்தான் செய்தார். அவர் சிறிய காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர். 1971-இல் வரத் தொடங்கிய சீரிஸ் 3 வகை வண்டி ஒன்றை இரண்டாம் கையாக வாங்கியிருந்தார். நாளுக்கு முப்பது நாற்பது முறை ஏறி இறங்கும் மனிதருக்குக் கதவு ஒரு தொந்தரவு. சேற்றுப் பாதையில் சக்கரம் வழுக்கினால் எட்டிக் குதிக்கவும் கதவில்லாமல் இருப்பதே நல்லது என்பது அவர் வாதம். பாதுகாப்புப் பாடநூல் எதுவும் இதை ஒப்புக்கொள்ளாது. ஆனால் அந்தச் சரிவில் தினமும் ஓட்டுகிறவர் அவர்.

ஒரு சிக்கலை யாரும் கவனிக்கவில்லை. முந்தைய உரிமையாளர் பக்கக் கண்ணாடிகளைக் கதவிலேயே பொருத்தியிருந்தார். கதவு போனபோது கண்ணாடியும் சேர்ந்து போய்விட்டது. தோட்டத்துப் பாதையில் அது குறையாகத் தெரியவில்லை. அங்கே பின்னால் யார் வரப்போகிறார்கள்? ஆனால் காய்கறியை லோரி நிற்கும் இடத்தில் சேர்க்கச் சிறிது தூரம் தார்ச்சாலையிலும் போகவேண்டும்.

கடந்த ஆண்டுப் பள்ளி விடுமுறையில் அந்தச் சாலையில்தான் அது நடந்தது. மாமா தோட்டத்துக்குள் நுழைய வலப்பக்கம் திருப்பினார். அதே நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பையன் வலப்பக்கமாக முந்த முயன்றான். பிரேக் பிடித்ததில் சறுக்கி விழுந்தான். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். மாமாவே அவனை மருந்தகத்துக்கு அழைத்துப் போனார். அன்று இரவு அவர் சோற்றில் கை வைக்கவில்லை. “நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தான்” என்று மட்டும் அத்தையிடம் சொன்னார்.

மறுநாளே ஒரு பட்டறையில் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தார். அரை மீட்டர் நீளக் குழாயின் நுனியில் பெரிய லோரிக் கண்ணாடி. வண்டியை முடுக்கியதும் கண்ணாடிக்குள் இருந்த உலகம் கரைந்துபோனது. பின்னால் நிற்பது வேனா வேலிக்கம்பமா என்றே தெரியவில்லை. “பாப்பா, நீ இஞ்சினியருக்குத்தானே படிக்கிற? இது ஏன் இப்படி ஆடுது?” என்று கேட்டார்.

நான் தமிழ்ப்பள்ளியில் படித்து, தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போய், இப்போது இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். ஒளியைப் பற்றி முதலில் தமிழில் படித்தேன். பிறகு மலாயில் படித்தேன். இப்போது விரிவுரைகளை ஆங்கிலத்தில் கேட்கிறேன். மாமா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். அவருக்குப் புரியும்படி சொல்வதற்கு நான் மீண்டும் முதல் வகுப்பறைக்குத்தான் போகவேண்டியிருந்தது. படும் கோணமும் எதிரொளிக்கும் கோணமும் சமம் என்று அங்கே படித்திருக்கிறோம் அல்லவா? அதனால் கண்ணாடி ஒரு பாகை திரும்பினால், அதில் தெரியும் காட்சி இரண்டு பாகை நகரும். இருபது மீட்டர் தொலைவில் அது ஏறக்குறைய எழுபது சென்டிமீட்டர். மோட்டார் சைக்கிளில் வருகிறவனின் தோளகலத்தைவிட அதிகம். வண்டியின் சிறு நடுக்கம்கூட ஓர் ஆளையே மறைத்துவிடப் போதுமானது.

நடுக்கத்தைக் குறைக்க வழி, தாங்கும் கையைக் குட்டையாக்குவது. ஒரே தடிப்புள்ள குழாயின் நீளத்தைப் பாதியாக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். மாமா சிரித்தார். “மண்வெட்டிப் பிடி மாதிரின்னு சொல்லு. நுனியில பிடிச்சா வளையும், கிட்ட பிடிச்சா வளையாது.” என் சமன்பாட்டைவிட அது எளிது.

அடுத்தது, எங்கே பொருத்துவது? மூன்று இடங்களைப் பார்த்தோம். முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகடு மெல்லிய அலுமினியம். கண்ணாடியின் எடை அதைக் கிழித்துவிடும். இரும்பு போல்ட்டும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். அதோடு கண்ணிலிருந்து தொலைவாகப் போகப் போகக் கண்ணாடியில் தெரியும் பரப்பும் குறையும். காற்றுத்தடுப்புச் சட்டம் இரண்டாவது இடம். ஆனால் அது முன்பக்கமாக மடியும்படி அமைந்தது. மூன்றாவது இடம், கதவின் கீல் இருந்த தூண். அது இரும்பு. கீலைத் தாங்கிய துளைகள் அங்கே ஏற்கெனவே இருந்தன. கதவையே சுமந்த இடத்துக்குக் கண்ணாடி ஒரு பாரமா?

பட்டறைக்காரரிடம் தடித்த இரும்புத் தகடு ஒன்றை வெட்டி வாங்கினோம். அதில் கால் மீட்டர் நீளக் கையைப் பற்ற வைத்து, கீழிருந்து சாய்வாக இன்னொரு கம்பியையும் இணைத்தோம். முக்கோணம் எளிதில் கோணாது. லோரிக் கண்ணாடிக்குப் பதிலாக எடை குறைந்த வேன் கண்ணாடி. வலையிலோ கொட்டகைக் கம்பத்திலோ இடித்தால் உடையாமல் பின்னால் மடியும்படி ஒரு மூட்டு. நட்டு தளராதிருக்க வில் வளையம். இடப்பக்கம் மட்டும் குவியாடி. அதில் பரப்பு அதிகம் தெரியும். ஆனால் பொருள் சிறிதாகவும் தூரத்தில் இருப்பதுபோலவும் தோன்றும். “அப்போ அதுல தூரமா தெரிஞ்சாலும் கிட்ட இருக்குன்னு நினைச்சுக்கணும்” என்றார் மாமா.

பொருத்தி முடித்ததும் ஒரு சோதனை செய்தோம். மாமா இருக்கையில் உட்கார்ந்தார். கண்ணாடியின் உள்விளிம்பில் வண்டியின் ஓரம் சிறிது தெரியும்படி திருப்பினோம். அத்தை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி நடந்தார். “தெரியுது, தெரியுது, காணோம்!” என்று மாமா கத்திய இடங்களிலெல்லாம் நான் ஒரு செங்கல்லை வைத்தேன். இறுதியில் வலப்பக்கத்தில் நான்கு செங்கல்கள் கிடந்தன. கண்ணாடி இருந்தும் தெரியாத இடம் அது. மாமா இறங்கிவந்து அதன் நடுவில் நின்று பார்த்தார். “அந்தப் பையன் இங்கதான் இருந்திருப்பான்” என்றார். அன்று முதல் திருப்புமுன் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, தலையையும் திருப்பிப் பார்க்கிறார். கதவில்லாததால் அது அவருக்கு எளிது.

நண்பர்களே, இந்த வேலையில் நான் புரிந்துகொண்டது ஒன்றுண்டு. கதவு உள்ளே இருப்பவருக்கானது. அது வேண்டுமா வேண்டாமா என்பதைத் தன் தோட்டத்துக்குள் அவர் முடிவு செய்யலாம். பக்கக் கண்ணாடி அப்படியல்ல. அது பின்னால் வருகிறவருக்கானது. அவரிடம் கேட்காமல் அதைக் கழற்றிவிட நமக்கு உரிமை இல்லை. கதவோடு சேர்ந்து தானாகக் கழன்றுபோனாலும், அதைத் தேடி எடுத்து, ஆடாத ஓரிடத்தில் மாட்டவேண்டிய பொறுப்பு ஓட்டுநருடையதே.

நம்மில் பலர் குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் ஆள். நமக்குத் தடையாக இருந்த எத்தனையோ கதவுகளைக் கழற்றிவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறோம். அதில் தவறில்லை. அந்த அவசரத்தில் கண்ணாடியும் போய்விட்டதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோம். நமக்குப் பின்னால் அதே மேட்டில் தம்பி தங்கைகள் வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படுகிற தூரத்தில் இருக்கிறார்களா, செங்கல் வைத்த இடத்தில் இருக்கிறார்களா?