புற்றை வெட்டியது யார்?

போட்டி நடுவர்களையும், நூலகத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கிறவர்களையும், ஆண்டு விழாப் பரிசுக்கு மொத்தமாக வாங்கும் தலைமையாசிரியர்களையும் மனதில் வைத்துத்தான் இத்தனை காலமும் சிறுவர் கதை எழுதினேன். பிள்ளைகள் அந்த வரிசையில் கடைசி. அட்டையில் மட்டும் அவர்கள் படம். இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. சங்கரன்கோவிலில் குடியிருந்துகொண்டு சங்கரன்கோவில் கதையையே நான் கெடுத்தது அதைவிட வெட்கக்கேடு. அதை மட்டுமாவது விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர்க் கதை இதுதான். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்கள். சங்கனுக்குச் சிவன்தான் பெரிய சாமி, பதுமனுக்குப் பெருமாள்தான். சண்டை முற்றி அம்மனிடமே பஞ்சாயத்துக்குப் போனார்கள். அம்மன் புன்னை வனத்தில் ஒற்றைக்காலில் தவம் நின்றாள். ஆடி மாதம் உத்திராட நாளில், பாதி சிவனும் பாதி பெருமாளுமாகச் சங்கரநாராயணர் காட்சி கொடுத்தார். ஆடித்தபசுத் திருவிழா அன்று சுற்றுப்பட்டி ஜனமெல்லாம் திரண்டு, தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் சூறைவிட்டுக் கும்பிடுவது இந்தக் காட்சியைத்தான். ஆடிச்சுற்று என்று 108 முறை கோயிலைச் சுற்றுகிறவர்களும் உண்டு. நாம் சுற்றினால் அம்மனுடைய கால்வலி குறையும் என்பது ஆச்சிமார் சொல்லிக் கொடுத்தது. சாமிக்கும் கால் வலிக்கும், அந்த வலியை எட்டு வயதுப் பிள்ளை ஓடி ஓடி வாங்கிக்கொள்ளலாம். பிள்ளைக்கு இத்தனை பெரிய வேலையை எந்த எழுத்தாளர் கொடுத்திருக்கிறார்?

இன்னொரு பாதியும் உண்டு. வனத்துக்குக் காவல் இருந்தவர் புற்றை வெட்டப்போக, உள்ளே இருந்த பாம்பின் வால் வெட்டுப்பட்டது. பக்கத்திலேயே லிங்கம் தெரிந்தது. அவர் ஓடிப்போய் உக்கிரபாண்டிய மன்னனிடம் சொன்னார். மன்னன் வந்து கோயில் கட்டினான். தலபுராணம் அந்தக் காவல்காரரைக் காவற்பறையன் என்று பெயர் சொல்லித்தான் குறிப்பிடுகிறது.

நான் எழுதிய கதையில் அவர் இல்லை. மன்னனே வேட்டைக்கு வருகிறான், மன்னனே லிங்கத்தைக் காண்கிறான். அந்தப் பெயரைப் போட்டால் பள்ளிக்கூடத்தில் வாங்குவார்களா, யாராவது சண்டைக்கு வருவார்களா என்று ராத்திரியெல்லாம் யோசித்ததாகச் சொன்னால் அது பொய். யோசிக்கவே இல்லை. பேனா தானாக அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. அப்படிப் பழகிப்போயிருந்தது கை. அதுதான் என் குற்றம்.

அம்மனுடைய கால்வலியை மூடநம்பிக்கை என்று யாராவது சொல்வார்களோ என்று எடுத்துவிட்டேன். சண்டை போட்ட பாம்புகளைப் பாதிவழியில் விட்டேன். மிச்சம் கிடைத்த இடத்தில் மத நல்லிணக்கம் பற்றி, ‘ஆகவே குழந்தைகளே’ என்று தொடங்கி ஒரு பத்தி எழுதினேன். நடுவர்கள் அந்தப் பத்தியைத்தான் பாராட்டினார்கள். பரிசும் சால்வையும் கிடைத்தன.

பிறகு விசைத்தறித் தெரு ஒன்றில், சாயங்கால வகுப்புப் பிள்ளைகளுக்கு அதை வாசித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வாசிக்க வேண்டியிருந்தது. வீட்டில் தார் சுற்றிக் கொடுத்துவிட்டு, சட்டையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்து உட்கார்ந்திருந்த ஒரு பையன் எழுந்தான்.

“சார், அப்போ புத்த யாரு வெட்டுனா? எங்க ஆச்சி வேற மாதிரில்லா சொன்னா.”

“அதெல்லாம் கதைக்குத் தேவையில்லப்பா.”

“பாம்பு ரெண்டும் என்ன ஆச்சு சார்?” இது முன்னால் இருந்த ஒரு சின்னப் பிள்ளை.

“கடைசிப் பத்தியக் கவனிம்மா” என்றேன்.

பையன் மறுபடி வாய் திறக்கவில்லை. ஆச்சி சொன்னது தப்பு, அச்சில் இருப்பதுதான் சரி என்று எண்ணியிருப்பான். கெட்ட கதை எழுதுவது ஒரு தப்பு. அவன் வீட்டில் இருந்த நல்ல கதையையும் பொய்யாக்கிவிட்டு வந்தேனே, அதற்கு என்ன பெயர்?

பாம்புகள் என்ன ஆயின என்பதற்குக் கோயிலிலேயே பதில் இருக்கிறது. சங்கரநாராயணரின் சிவன் பாதிக்குப் பதுமனும், பெருமாள் பாதிக்குச் சங்கனும் குடை பிடித்து நிற்பதாகச் சொல்வார்கள். ஆள் மாறி நிற்கிறார்கள்! நேற்று மண்ணில் உருண்டு சண்டை போட்ட இரண்டு பையன்கள் இன்று ஒருவன் பையை ஒருவன் தூக்கிக்கொண்டு வருவது மாதிரி. என் உபதேசம் மொத்தமும் அதற்குள் அடங்கிவிடும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. பிள்ளை தானாக அதைப் பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைதான் எனக்கு இல்லை.

எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள் என்று தப்பிக்கவும் வழி கிடையாது. வடக்கே ராஜபாளையத்தில் கொ.மா. கோதண்டம், ‘காட்டுக்குள்ளே இசை விழா’வுக்கு 2012-இல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கினார். கிழக்கே கோவில்பட்டியில் உதயசங்கர்; ரயில்வே வேலையோடு எழுதி வந்தவர், கீழடியைப் பிள்ளைகளிடம் கொண்டுபோன ‘ஆதனின் பொம்மை’க்கு 2023-இல் அதே விருது. இரண்டு ஊரும் இங்கிருந்து பஸ் ஏறிப் போய்வரும் தூரம்தான். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020-இல் விருது பெற்றது. பெரியவர்களே பேசக் கூசும் பாலியல் சீண்டலைப் பற்றி அது பிள்ளைகளிடம் பேசியது. நான் ஒரு காவல்காரரின் பெயரைக்கூட எழுதாதவன்.

சின்னக் கதையில் இடம் போதாது என்ற சாக்கும் செல்லாது. பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களை, நுழை, நட, ஓடு, பற என்று பிரித்திருக்கிறார்களே, எடுத்துப் பாருங்கள். எல்லாம் சில பக்கங்களில் முடிகிற சின்னக் கதைகள்தான்.

பேச்சையும் நான் விட்டுவைக்கவில்லை. “ஏல, இங்க வால” என்று தெருவில் கூப்பிடுகிற பையன் என் கதைக்குள் நுழைந்ததும் “நண்பா, இங்கே வருவாயா?” என்பான். இடைசெவல் எங்களுக்கு எட்டாத தூரம் இல்லை; அங்கே உட்கார்ந்து கி. ராஜநாராயணன் ஜனங்கள் பேசுகிற பேச்சிலேயே நாட்டுப்புறக் கதைகளைச் சேர்த்து அச்சில் ஏற்றினார். அவரைப் பற்றி மேடையில் பேசியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து “வருவாயா” என்று எழுதியிருக்கிறேன்.

கதையைத் திருத்தி எழுதிவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். இன்னும் முடிக்கவில்லை, ‘ஆகவே’ என்று கை போகிறது, நிறுத்த வேண்டியிருக்கிறது. பழைய புத்தகமோ பள்ளிக்கூட அலமாரிகளில் இருக்கத்தான் செய்கிறது. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘ஆகவே குழந்தைகளே’ என்று முடியும் சங்கரன்கோவில் கதை கண்ணில் பட்டால் அது என்னுடையதுதான். அந்தக் கடைசிப் பத்தியை விட்டுவிட்டு வாசியுங்கள். புற்றை வெட்டியது யார் என்று பிள்ளைகள் கேட்டால் காவற்பறையன் என்று பெயரைச் சொல்லுங்கள். அவர்கள் வீட்டில் வேறு மாதிரி சொல்லியிருந்தால், வகுப்பு முடிய மணி அடித்தாலும் பரவாயில்லை, அதையும் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.